செல்வராணி பார்த்து வைத்த இடம்

காப்பிக் கடை போட ஜொகூர் பாருவில் இடத்துக்கா பஞ்சம் என்று கேட்பவர்கள், செல்வராணியைப் போல ஐந்து மாதம் தெருத் தெருவாக அலைந்து பார்த்திருக்க மாட்டார்கள். அலைந்ததோடு விட்டாளா? மனதுக்குப் பட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. யார் வருகிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எதற்கு எரிச்சல்படுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். லீவு நாட்கள் எல்லாம் அவளுக்கு இப்படியே கழிந்தன.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகி, ஜேபி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் ஜொகூர் பாருவுக்கு வந்தவள். பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரு காப்பிக் கடையில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போவாள். கோப்பை கழுவத்தான் முதலில் சேர்த்தார்கள். மூன்றாம் வருடம் மெஷினுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஆறாம் வருடம் கொட்டை வறுக்கும் பொறுப்பும் அவள் கைக்கு வந்தது. புதிதாக வந்த கொட்டையை அவள் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் முதலாளி மூட்டைகளை உள்ளே இறக்கச் சொல்வார். அந்த அளவுக்கு அவள் நாக்கின் மீது அவருக்கு நம்பிக்கை.

ஷாந்தினி அந்தக் கடைக்குத் தினமும் வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர். மேல் மாடியில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. இரண்டு பேரும் ஜேபிக்காரர்கள் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. கம்பெனியில் ஆட்குறைப்பு வந்து ஷாந்தினி வீட்டோடு வந்துவிட்ட பிறகும் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"ராணிக்கா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடை போட்டா என்ன? உங்க கை, என் தலை. பாதி பாதி."

செல்வராணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பல வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசையை இன்னொருத்தி வாயால் கேட்கிற சந்தோஷம். தனக்கும் ஒரு தலை இருக்கிறது என்று சொல்ல அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அப்படித்தான் இடம் தேடுகிற வேலை தொடங்கியது. ஷாந்தினிக்குக் கடலோரத்துப் புதுக் கொண்டோக்களின் மீது கண். கண்ணாடிக் கட்டடம், நீச்சல் குளம், கீழே வரிசையாகக் காலிக் கடைகள். "அங்க இருக்கிறவங்கதான் நல்ல காப்பி குடிப்பாங்க" என்றாள். செல்வராணி மூன்று நாள் சாயங்காலம் ஏழரை மணிக்கு அங்கே போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"நாப்பது மாடில பத்து வீட்டுல கூட வெளக்கு எரியல, ஷாந்தினி. வாங்கிப் போட்டவங்க யாரும் அங்க குடியிருக்கல. காப்பிய செவுத்துக்கா ஊத்துறது?"

அடுத்தது பழைய டவுன் பக்கம், சுவரெல்லாம் படம் வரைந்து வைத்திருக்கும் தெரு. சனிக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது. எல்லாரும் அக்கரையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். நான்கு பேர் ஒரு கோப்பையை வாங்கி, ஆளுக்கொரு தடவை தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தெருவில் புறாக்கள் மட்டும் நடந்துகொண்டிருக்கும். அந்தத் தெருவில் ஏற்கெனவே பதினொரு காப்பிக் கடைகள். பன்னிரண்டாவதாகப் போய் நிற்க அவளுக்கு மனமில்லை.

மூன்றாவது இடம் தேடிப் போய்க் கிடைத்ததல்ல. அய்யாவு என்ற பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீரகக் கோளாறு. ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போக அன்றைக்கு ஆள் இல்லை என்று இவள் கூடப் போனாள். தாமான் கெமூனிங் லாமா என்ற பழைய குடியிருப்பு. இரண்டு மாடிப் பழைய கடை வரிசை. கீழே அந்த நிலையமும் ஒரு கிளினிக்கும் கார் பட்டறையும். மேலே ட்யூஷன் சென்டர். அய்யாவு உள்ளே போனால் நான்கு மணி நேரம். வெளியே நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

அங்கே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். அவளைப் போலவே ஒன்பது பேர். ஒரு சீனப் பெரியவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குடித்தார். ஒரு மலாய்க்காரம்மா நடைமேடை விளிம்பில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். யோகம் என்றொரு அம்மா, கணவரை உள்ளே விட்டுவிட்டு, நடக்கிறதும் நிற்கிறதுமாக இருந்தார். "வீட்டுக்குப் போய்ட்டு வரவும் முடியாது, இங்க இருக்கவும் முடியாது. மூணு வருஷமா இப்படித்தான்" என்றார். மூன்று மணிக்கு ட்யூஷன் பிள்ளைகளை இறக்கிவிட வந்த தாய்மார்கள், ஏர்கானுக்காக எஞ்சினை அணைக்காமல் காருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில், மழைமரத்தின் நிழல் விழுகிற இடத்தில், திரைச்சீலை விற்றுக்கொண்டிருந்த கடை ஒன்று மூடிக் கிடந்தது.

அதற்குப் பிறகு சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்து, அவள் மூன்று வாரம் அங்கேதான் பழியாய்க் கிடந்தாள். எந்தக் கிழமை எத்தனை பேர், மழை பெய்தால் எங்கே ஒதுங்குகிறார்கள், பட்டறையில் கார் விட்டவர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறகு ஷாந்தினியை அழைத்துக்கொண்டு போனாள்.

ஷாந்தினி காரை விட்டு இறங்கும்போதே முகத்தைச் சுளித்தாள். "நோயாளிங்க வர்ற இடத்துலயா கஃபே? ஒரு மாதிரி இருக்காதா, ராணிக்கா?"

"நோயாளி உள்ள இருக்காரு. நமக்கு வேண்டியவங்க வெளிய நிக்கிறவங்க. நாலு மணி நேரம்மா. ஒரு நாளைக்கு இல்ல, வாரத்துக்கு மூணு நாளு, வருசம் பூரா. டவுன்ல வர்றவன் ஒரு தடவதான் வருவான். இவங்க நாளன்னைக்கும் இங்கதான் இருப்பாங்க."

"இவங்க நல்ல காப்பி குடிப்பாங்களா?"

"குடுத்துப் பாத்தாத்தானே தெரியும்? இது வரைக்கும் யாரு குடுத்தா?"

இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை அவளை அந்த மரத்தடியில் உட்கார வைத்தாள். ஒவ்வொருவராகக் காட்டி, அவர் யார், ஏன் வருகிறார், எப்போது போவார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஷாந்தினி போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பொழுது சாயும்போது, "அலமாக், ராணிக்கா! இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை உண்மையான ஆச்சரியத்தோடுதான் பிடித்தது. அதைப் பின்னால் நினைத்தபோதும் செல்வராணிக்குச் சந்தேகம் வந்ததில்லை.

கடையின் சொந்தக்காரர் யார் என்று விசாரித்தால், ஷாந்தினிக்கு அம்மா வழியில் மாமா முறையாக வேண்டிய சாம்பசிவம். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இதைவிட நல்ல சகுனம் வேறு என்ன வேண்டும் என்று இருவரும் சிரித்துக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனார்கள்.

"வாங்கோ, இருங்கோ" என்று யாழ்ப்பாணத் தமிழில் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஷாந்தினியிடம் அவள் அம்மாவின் முட்டி வலியைப் பற்றி விசாரித்தார். பிறகு செல்வராணி பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"ரெங்கம் பக்கம், ஐயா."

"தகப்பன் என்ன வேலை செய்தவர்?"

"தோட்டத்துல பால் மரம் வெட்டுனாரு."

"ஓ, தோட்டத்து ஆக்களோ. நல்லது, நல்லது." அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. ஷாந்தினியைப் பார்த்துக் கேட்டார்: "கடையில கழுவுறது, துடைக்கிறது எல்லாம் இவ பாத்துக்கொள்ளுவா போல. என்ன பிள்ளை?"

செல்வராணி ஷாந்தினியைப் பார்த்தாள். ஷாந்தினி சிரித்தாள். "காப்பியெல்லாம் அக்காதான் மாமா பாத்துக்குவாங்க" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் செல்வராணி கேட்டுவிட்டாள். "பாதிப் பங்கு எனக்குன்னு நீங்க சொல்லலையே."

"அட, வயசானவங்க லா. அக்ரிமென்ட்ல உங்க பேரப் பாத்தா தெரிஞ்சுக்கப் போறாரு. இதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

அவள் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே சிங்கப்பூர் முதலாளியிடம் போய் வேலையை விடுவதாகச் சொன்னாள். மூன்றாம் நாளே அவர் அவள் இடத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தி, பழக்கிவிடச் சொன்னார். செல்வராணி தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்துவிட்டு, கேக் வெட்டி, எல்லாரிடமும் விடைபெற்று வந்தாள்.

வந்த பிறகு ஷாந்தினியிடமிருந்து பேச்சே இல்லை. பன்னிரண்டு நாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. "கொஞ்சம் பிஸிக்கா" என்று ஒரு மெசேஜ். பதின்மூன்றாம் நாள் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னாள். செல்வராணி போனபோது அவளோடு இன்னொருவனும் உட்கார்ந்திருந்தான். சாம்பசிவத்தின் இளைய மகன் ஸ்ரீதரனாம். கோலாலம்பூரில் மூன்று வாரம் காப்பிப் பயிற்சி முடித்து வந்திருக்கிறானாம்.

ஷாந்தினி சுற்றி வளைக்கவில்லை. "மாமா கடைய குடும்பத்துக்குள்ளதான் குடுப்பேன்னு சொல்லிட்டாரு. பங்குல ஸ்ரீதரன் பேரு இருந்தாத்தான் சைன் பண்ணுவாராம். மூணு பேருக்குப் பிரிச்சா யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது, ராணிக்கா. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"வேற எடம் பாப்போம்" என்றாள் செல்வராணி. "ஆறு மாசம் ஆனாலும் பரவால்ல. நான் பாக்குறேன்."

"இந்த மாதிரி எடம் ஜேபில இன்னொண்ணு கெடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், செல்வராணிதான் சொன்னாள். அந்த மரத்தடியில் கையை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

"நீங்க இல்லாம நாங்க இல்ல" என்று ஷாந்தினி தொடர்ந்தாள். "ஹெட் பாரிஸ்டா நீங்கதான், காப்பிப் பக்கம் முழுக்க உங்க பொறுப்பு. மாசச் சம்பளம். கடை ஓடினாலும் ஓடலன்னாலும் உங்களுக்கு வந்துரும். உங்களுக்கு ஒரு ரிஸ்க்கும் இல்ல பாருங்க."

ஸ்ரீதரன் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இருந்தாத்தான் ஆன்ட்டி எனக்குத் தைரியம்" என்றான். அவனைப் பார்த்தால் கோபம்கூட வரவில்லை.

வீட்டில் கனகராஜிடம் சொன்னாள். அவள் கணவன் கனகராஜ் பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். கேட்டு முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"எங்க போறீங்க?"

"அந்தப் பொம்பளகிட்ட ரெண்டு வார்த்த கேக்கணும்."

"என்னன்னு கேப்பீங்க? என்கிட்டருந்து ஒரு காசு வாங்கல. ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடல. என் பொண்டாட்டி மரத்தடில உக்காந்து பாத்தத எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவீங்களா?"

அவன் சட்டையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மகள் போலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். சிங்கப்பூரில் அவள் இடத்தில் வேறு ஆள். நாற்பத்து நான்கு வயதில், இனி அக்கரையில் புதிதாக யார் எடுப்பார்கள்? ஒரு வாரம் கழித்து, வேலைக்கு வருவதாக ஷாந்தினிக்கு மெசேஜ் அனுப்பினாள்.

கடை திறந்தது. அவள் சொன்னபடியே நடந்தது. சொன்னதில் மயிரிழையும் பிசகவில்லை. காத்திருப்பவர்கள் முதலில் கண்ணாடிக்கு வெளியே நின்று தயங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. சீனப் பெரியவர் பிளாஸ்கை விட்டுவிட்டார். தாய்மார்கள் கார் எஞ்சினை அணைத்தார்கள். அலங்காரம் செய்ய வந்தவன் உயரமான ஸ்டூல்கள்தான் அழகு என்று சொன்னபோது, நான்கு மணி நேரம் உட்காருகிறவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலிதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியதும் அவள்தான். கணவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் யோகம் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்கும்போது மட்டும் செல்வராணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஏழாவது மாதம் ஒரு இணையச் சேனலிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜேபியில் தனியாக நடத்தும் கடைகளைப் பற்றி வீடியோ போடுகிறவள். மெஷினுக்கு எதிரேயே விளக்கை வைத்து, ஷாந்தினியை நிற்க வைத்தாள். மெஷினுக்குப் பின்னால் செல்வராணி பால் நுரைத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு கடைத்தெருக்கள் இருக்க, யாரும் எட்டிப் பார்க்காத இந்தத் தாமானை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஷாந்தினியும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். கொஞ்சமும் தடுமாறவில்லை. ஐந்து மாதம் தேடினேன். கொண்டோக்களுக்குப் போய் எரிகிற விளக்குகளைப் பார்த்தேன். டவுனில் திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். பிறகு இந்த மரத்தடியில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் பிளாஸ்கில் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்தபோது என் மனம் உருகிவிட்டது. நடந்து போகிறவர்களுக்குக் கடை போட எல்லாரும் இருக்கிறார்கள், காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு யாரும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

செல்வராணியின் கையில் பால் சூடேறிக்கொண்டே போயிற்று. நீராவிக் குழாயை மூடத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து ஷாந்தினி இந்தப் பக்கம் திரும்பி, முகம் நிறையச் சிரிப்போடு தமிழில் கேட்டாள்:

"செவ்வாய், வியாழன், சனிதானே ஒரு கூட்டம் வரும்? இல்லையா, ராணிக்கா?"

வீடியோ எடுக்கிற பெண் போனை இவள் பக்கம் திருப்பினாள். ஒரு நொடி. சொல்வதென்றால் சொல்லியிருக்கலாம். ஆங்கிலமும் அவளுக்கு வரும், மலாயும் வரும்.

"ஆமா" என்றாள் செல்வராணி.

போன் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் பாலைக் கொட்டிவிட்டு, புதிதாக ஊற்றி நுரைத்து, மூன்றாம் மேசைக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஷாந்தினி சொன்னதை அவளால் ஒருவேளை மறக்க முடிந்திருக்கும். தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் முடியவில்லை. சமைக்கும்போது வந்தது, குளிக்கும்போது வந்தது. வீடியோ வெளிவந்த அன்று மகள் போனைக் கொண்டுவந்து காட்டி, "ஏன்மா ஆமான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அந்த மாதக் கடைசியில் செல்வராணி வேலையை விட்டாள்.

ஷாந்தினி உண்மையாகவே திடுக்கிட்டாள். "நான் என்ன தப்பு பண்ணேன், ராணிக்கா? சம்பளம் பத்தலையா?"

"பத்தும்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஏப்ரனை மடித்து வைத்தாள்.

விட்டுப் போகும்போது அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. வெளியே சொன்னால் அசிங்கம், ஆனால் இருந்தது. ஸ்ரீதரனுக்குக் கைப்பக்குவம் இல்லை. கொட்டை வறுபடும் வாசனையை வைத்து எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. பாலின் சூடு கையில் தெரியாது. தான் இல்லாமல் மூன்று மாதம் தாங்கினால் பெரிது. அப்போது தெரிந்துகொள்வார்கள்.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. பக்கத்து வீட்டு அய்யாவுவை இப்போது நிலையத்தில் விட்டுவிட்டு வருகிற கனகராஜிடம், கடையைப் பற்றிக் கேட்காதது போலக் கேட்பாள். அவன், "கூட்டமாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை தானே போனாள். உள்ளே இடமில்லை. ஜன்னலோரம் யோகம் கையை ஆட்டி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தாள். கொட்டை தீய்ந்திருந்தது. பால் கொதித்து இனிப்புச் செத்துப்போயிருந்தது. சிங்கப்பூராக இருந்தால் கழுவும் தொட்டியில் ஊற்றியிருப்பாள். யோகம் தன் கோப்பையைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"காப்பி எப்படிம்மா இருக்கு?" என்று செல்வராணி மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ராணி. நீ போனதும் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். ஒரு வித்தியாசமும் தெரியல. சாஞ்சு உக்கார எடம் இருக்கே, அது போதும் எனக்கு."

சுற்றிலும் பார்த்தாள். சீனப் பெரியவர் குடித்துக்கொண்டிருந்தார். தாய்மார்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அவள் தேர்ந்தெடுத்த இடம் அவ்வளவு நல்ல இடம். அங்கே யார் எதைக் காய்ச்சி ஊற்றினாலும் ஓடும். பதினான்கு வருடம் கற்ற வேலை அந்த நான்கு சுவருக்குள் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஷாந்தினி அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்து தோளைக் கட்டிக்கொண்டாள். "ராணிக்கா! சொல்லவே இல்ல? காப்பி எப்படி?"

"பால் ரொம்பக் கொதிச்சிருக்கு. கொட்டையும் தீஞ்சிருக்கு."

"யாரும் கம்ப்ளைன் பண்ணல லா" என்று ஷாந்தினி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் வன்மம் எதுவும் இல்லை.

செல்வராணி யோகத்திடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த மாதம் டவுனில் ஒரு ஹோட்டலில், காலைச் சாப்பாட்டுப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பொத்தானை அழுத்தினால் காப்பி வரும். அவள் வேலை மெஷினைத் துடைத்து வைப்பதும் கோப்பைகளை அடுக்குவதும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கனகராஜ், குளுவாங்கில் ஒரு மூலைக் கடை காலியாக இருக்கிறதாம், கூட வேலை செய்கிறவர் சொன்னார், போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டான். வண்டிச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டான்.

"நீங்க வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் ஹோட்டல் யூனிபார்மை இஸ்திரி போடத் தொடங்கினாள்.